பெட்டியின் மேல் எடையை எழுதுங்கள்

கனமான இயந்திர பாகம் எதையும் மரப்பெட்டி அடித்து வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புகிறவர்கள், பெட்டியின் நான்கு பக்கமும் அதன் மொத்த எடையை எட்ட நின்று படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கப்பலில் போகும் பெட்டி ஒரு டன்னைத் தொட்டால் எழுத வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. லாரியோ, ரயிலோ, மீன்பாடி வண்டியோ, எதில் போனாலும் 50 கிலோவைத் தாண்டினாலே எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு லாரி பார்சல் சர்வீஸில் புக்கிங் கிளார்க்காக 31 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஜவுளி, மருந்து, எவர்சில்வர் பாத்திரம், புத்தகக் கட்டு என்று என் கண் முன்னால் போகாத சரக்கு இல்லை. இருந்தாலும் லோடு இறக்குகிற ஆட்கள் பார்த்ததும் முகம் சுளிக்கிற சரக்கு ஒன்றுதான்: மோட்டார் சாமான்.

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து எடுத்த எஞ்சின்கள் எங்களிடம் நிறைய வரும். ஒரு பழைய டயரின் மேல் எஞ்சினை உட்கார வைத்து, சாக்கைச் சுற்றி, கயிற்றைப் போட்டு இறுக்கி அனுப்பிவிடுவார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. உள்ளே இருப்பது எஞ்சின் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். யாரும் தனியாளாகப் போய்க் கை வைக்க மாட்டார்கள். உண்மையான ஆபத்து அழகாக அடித்த மரப்பெட்டியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள வார்ப்பிரும்புக் கட்டி ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். அதே அளவு மாங்கட்டை 20 கிலோ கூட வராது. இரண்டையும் பலகைக்குள் அடைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரே வழி, தூக்கிப் பார்ப்பது. அந்தச் சோதனையில் தோற்றால் போவது அவன் இடுப்பு.

எங்கள் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு கியர்பாக்ஸ் வந்திருந்தது. இழைத்த பலகை, மூலைக்கு மூலை தகரப் பட்டை, நீல பெயிண்டில் முகவரி, பக்கத்தில் 'ஜாக்கிரதை' என்று ஒரு வார்த்தை. பிஸ்கட் டின் அடுக்கி வைத்த பெட்டி போல அடக்கமாக இருந்தது. இரண்டு பேர் லாரியின் பின்கதவு ஓரத்துக்கு அதைத் தள்ளிக் கொண்டுவந்தார்கள். கீழே நின்றவர் 20 வருஷம் மூட்டை தூக்கிப் பழகியவர். கையைக் கொடுத்து வாங்கினார். பெட்டி முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. காலில் விழாமல் திருப்பிவிட்டார், ஆனால் இடுப்பு போய்விட்டது. அப்போது அவருக்கு 46 வயது. அதற்குப் பிறகு அவர் பாரம் தூக்கவே இல்லை. ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பெரிய பிள்ளை பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு வேலைக்குப் போனான்.

அந்தப் பெட்டியின் எடை யாருக்கும் தெரியாமல் இல்லை. அனுப்பியவரின் பில்லில் 140 கிலோ என்று இருந்தது. பேக்கிங் லிஸ்டில் இருந்தது. லாரி ரசீதில் இருந்தது, வாடகையே கிலோ கணக்கில்தானே போடுகிறார்கள்! அந்த ரசீது டிரைவரின் சட்டைப் பையில் இருந்தது. காகிதம் பார்க்கிற அத்தனை பேருக்கும் எடை தெரியும். பெட்டியைத் தூக்கிய ஒருவருக்குத்தான் தெரியாது. நான் வேலை பார்த்த அத்தனை வருஷமும் இந்த வேடிக்கையைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

பெட்டி அடிக்கிற தொழிலில் நல்ல ஆசாரிகளுக்கு இது தெரியும். சூளைப் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். யாராவது எஞ்சினுக்குப் பெட்டி வேண்டும் என்று வந்தால், பலகையை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். "இன்னா வெயிட்டு? எந்த ஊருக்குப் போவுது? வழியில எத்தினி தபா எறக்கி ஏத்துவாங்க?" முதல் இரண்டு கேள்விக்கும் பதில் வரும். மூன்றாவதற்கு வந்தவர்கள் முழிப்பார்கள். அவரே விரல் விட்டு எண்ணிச் சொல்வார். பட்டறையிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து பார்சல் ஆபீஸ், அங்கிருந்து லாரி, அந்த ஊரில் குடோன், குடோனிலிருந்து குட்டி யானை, கடைசியில் வாங்குகிறவர் வாசல். ஒரு எஞ்சின் மதுரைக்குப் போவதற்குள் குறைந்தது ஆறு தடவை கை மாறும். ஆறு இடத்திலும் வேறு வேறு ஆட்கள். ஒருவர் கண்டுபிடித்ததை அடுத்தவருக்குச் சொல்ல வழி கிடையாது. பெட்டிதான் சொல்ல வேண்டும்.

அவர் அடிக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெட்டி என்றால் நமக்கு நான்கு சுவரும் மூடியும் ஞாபகம் வரும். அவருக்குப் பெட்டி என்பது அடிப்பாகம்தான். நாலுக்கு நாலு அங்குலக் கட்டை இரண்டு, அதன் மேல் குறுக்குச் சட்டங்கள். தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு அங்குலம் இடைவெளி இருந்தால் தள்ளுவண்டியின் முள்ளும் நுழையும், கடப்பாரையும் நுழையும், கயிறும் நுழையும், இறக்கி வைக்கிறவன் விரலும் நசுங்காது.

எஞ்சினை எண்ணெய்த் தட்டின் மேல் உட்கார வைக்கக் கூடாது. அது மெல்லிய தகடு, நசுங்கிவிடும். வண்டியில் எஞ்சினைத் தாங்குகிற அதே காதுகளில் போல்ட் போட்டு, பெரிய வாஷர் வைத்து, அடிச்சட்டத்தோடு இறுக்க வேண்டும். அதற்கு முன்னால் எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். கடைந்த பாகங்களில் கிரீஸ் தடவிக் காகிதம் ஒட்ட வேண்டும். சுவர் வைப்பது அதற்குப் பிறகுதான். சுவருக்கு மூலைவாட்டில் ஒரு சட்டம் கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் லாரி பிரேக் போடும்போது பெட்டி சாய்சதுரமாகிவிடும். ஆணியைக் கட்டையின் வெட்டுமுனையில் அடித்தால் நாரோடு நாராக இறங்கிவிட்டுச் சுலபமாக உருவிக்கொண்டு வரும், பக்கவாட்டில் அடித்தால்தான் பிடிக்கும்.

இன்னொன்று சொன்னார், நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கனமான பெட்டிக்குக் கயிற்றுப் பிடி வைக்கக் கூடாதாம். "புடி இருந்தா ஒருத்தன் தூக்கப் பாப்பான் சார். புடி இல்லன்னா நாலு பேரக் கூப்புடுவான்." கடைசியாகக் கரித் தாரில் எடையை எழுதுவார், நாலு பக்கமும். அந்தக் காலத்திலேயே அவர் ஒருவர்தான் கேட்காமலே அதை எழுதினார். அவருடைய தம்பி லோடுமேனாக இருந்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இது புதிய யோசனையும் இல்லை. நம் பகுதியின் மோட்டார் தொழிலே மரப்பெட்டியில் வந்து இறங்கியதுதான். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் செய்தது ஆஸ்டின் ஏ-40 கார். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அதுவே 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-ல் தொடங்கிய என்பீல்டு, திருவொற்றியூரில் முதலில் பூட்டிய புல்லட்டுகளுக்கும் பாகங்கள் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்துதான் வந்தன. கப்பலில் வந்த பெட்டிகளின் பலகை ஏலத்தில் கைமாறி வடசென்னை முழுக்கப் பரவியது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு அலமாரிக் கதவு அப்படிப்பட்ட பலகை. உள்பக்கம் கறுப்பு மையில் அச்சுத் தகடு வைத்துப் போட்ட ஆங்கில எழுத்தும் எண்களும் இருக்கும். மொத்த எடை, நிகர எடை என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. பள்ளிக்கூட நாளில் அதைப் படித்துவிட்டு அலமாரியின் எடை என்று நினைத்துக்கொண்டோம்.

சட்டமும் பழையதுதான். கப்பலில் தூக்கும் பெட்டியின் எடை தெரியாததால் கிரேன் முறிவதும் சங்கிலி அறுவதும் ஆட்கள் சாவதும் உலகத் துறைமுகங்களில் நடந்துகொண்டிருந்தது. அதனால் 1929-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஆயிரம் கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள எந்தப் பெட்டியைக் கப்பலில் அனுப்பினாலும், ஏற்றுவதற்கு முன் அதன் எடையை வெளிப்புறத்தில் அழியாதபடி குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 1931-லேயே அதை ஏற்றுக்கொண்டது. அதற்கான சட்டம் 1951-ல், சுதந்திர இந்தியாவில் வந்தது. கனமான பெட்டிகளில் எடை குறிக்கும் சட்டம் என்றே அதற்குப் பெயர். துல்லியமான எடை கண்டுபிடிக்க முடியாத நிலையில் உத்தேச எடையைப் போடவும் அந்த உடன்படிக்கை இடம் கொடுத்தது. எவ்வளவு நியாயமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் ஆயிரம் கிலோவை எந்த மனிதனும் கையால் தூக்கப் போவதில்லை. கிரேன்தான் தூக்கும். அந்த விதி கிரேனையும் அதன் கீழே நிற்கிறவர்களையும் காப்பாற்றுகிறது, நல்லது. மனிதன் கை வைக்கிற பெட்டி எது? 50 கிலோவிலிருந்து 300 கிலோ வரை உள்ளது. கியர்பாக்ஸ், கிராங்க் ஷாஃப்ட், கார் எஞ்சின், பின் ஆக்சில் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அதே தொழிலாளர் அமைப்பு 1967-ல், பழகிய ஆண் ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரை செய்தது. 55-க்கும் 1,000-க்கும் நடுவில் இருக்கிற பெட்டியின் மேல் எடையைப் போடுவது அனுப்புகிறவரின் இஷ்டமாக இருக்கிறது. எங்கள் கொட்டகைக்கு வந்த மோட்டார் சாமான் எல்லாமே இந்த நடுவில் விழுந்தவை.

மரப்பெட்டிக்கு வேறு விதிகள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் மரப்பெட்டியில் இன்று ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், நாட்டின் குறியீடு, சூடேற்றியதா மருந்து அடித்ததா என்பதற்கு இரண்டு எழுத்து. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, முழுதாக 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும். எதற்கு? பெட்டி மரத்துக்குள் இருக்கும் வண்டும் புழுவும் கடல் தாண்டிப் போய் அந்த நாட்டுக் காடுகளை அழிக்காமல் இருப்பதற்கு. 1996-ல் நியூயார்க்கில் ஆசிய நாட்டு மரவண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, பெட்டி மரத்தில் ஒளிந்து வந்தது என்று முடிவு செய்தார்கள். 2002-ல் உலகம் முழுக்க விதி வந்துவிட்டது. இன்று முத்திரை இல்லாத பெட்டியைத் துறைமுகத்திலிருந்தே திருப்பி அனுப்புகிறார்கள். பெட்டி ஐந்து கிலோவாக இருந்தாலும் சரி, ஐந்து டன்னாக இருந்தாலும் சரி.

கப்பலுக்கும் விதி இருக்கிறது. எம்.எஸ்.சி. நாப்போலி என்ற சரக்குக் கப்பல் 2007-ல் இங்கிலாந்துப் பக்கம் உடைந்தபோது, அதன் மேல்தட்டில் இருந்த கண்டெய்னர்களை எடுத்து எடை போட்டார்கள். ஐந்தில் ஒன்று, காகிதத்தில் சொன்ன எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் மாறியிருந்தது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்காத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றவே கூடாது என்று ஆகிவிட்டது.

ஆக, காட்டு மரத்துக்கு ஒரு முத்திரை, கப்பலுக்கு ஒரு எடைச் சீட்டு, கிரேனுக்கு ஒரு சட்டம். எல்லாமே தேவையானவை, ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. இந்த மூன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் பெட்டியில் கை வைக்கிற மனிதனுக்கு ஒரு டப்பா பெயிண்ட் செலவு செய்யக் கூடாதா என்றுதான் கேட்கிறேன்.

இதைச் சொன்னால் நண்பர்கள் மூன்று மறுப்புச் சொல்கிறார்கள்.

முதல் மறுப்பு, "இப்போ யாருய்யா கையால தூக்குறாங்க? எல்லாம் ஃபோர்க்லிஃப்ட்." ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அப்படித்தான். சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கண்டெய்னர் முனையம் வந்துவிட்டது, எண்ணூரில் கார்கள் தாங்களே ஓடிக் கப்பலுக்குள் ஏறுகின்றன. ஆனால் புதுப்பேட்டைச் சந்துக்குள் ஃபோர்க்லிஃப்ட் போகாது. வால்டாக்ஸ் ரோட்டில் மாலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். கண்டெய்னரை இயந்திரம் தூக்குகிறது, கண்டெய்னருக்குள் போகிற சில்லறைப் பெட்டியைப் பல இடத்தில் இன்னும் மனிதன்தான் தூக்குகிறான். போய்ச் சேரும் சின்ன ஊரில் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு வியாபாரிகள் சொல்வது. "எடையை எழுதினா கூலி ஏத்திக் கேப்பாங்க." இதில் உண்மை இருக்கிறது. கேட்கட்டுமே! 140 கிலோவுக்கு நாலு பேர் கூலி என்றால் அதுதான் அந்தப் பெட்டியின் நியாயமான செலவு. இதுவரை அந்தச் செலவை இரண்டு பேர் தங்கள் முதுகெலும்பில் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே சட்டம் வந்தது, பிறகு நல வாரியமும் வந்தது. விபத்துக்குப் பிறகு உதவி கிடைப்பது பெரிய காரியம். விபத்துக்கு முன்னால் ஓர் எண் கிடைப்பது அதைவிடச் சுலபமான காரியம்.

மூன்றாவது மறுப்பு, "அதுதான் பெட்டி மேல படம் போடுறாங்களே." மேல்நோக்கிய அம்புக்குறி, குடை, கண்ணாடிக் கோப்பை, கொக்கி என்று உலகம் முழுக்க ஒரே மாதிரிப் படங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் என்பது எண்ணம். எங்கள் ஆட்களுக்குக் கோப்பைப் படம் புரிந்த விதம் வேறு. "சார், இதுல சரக்கு பாட்டில் இருக்குது போல, பாத்து எறக்குறோம்" என்பார்கள். உள்ளே வேறு என்ன இருந்தாலும் பத்திரமாக இறங்கிவிடும், அதனால் நானும் திருத்தவில்லை. ஆனால் எந்தப் படமும் எத்தனை கிலோ என்று சொல்வதில்லை. எண் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர்கூடப் பஸ் நம்பர் பார்த்துத்தான் ஏறுகிறார்.

என்ன எழுத வேண்டும் என்பதும் சிக்கல் இல்லை. கிலோ எவ்வளவு என்று ஓர் எண். அதன் கீழே எத்தனை பேர் தூக்க வேண்டும் என்று இன்னோர் எண். எஞ்சின் என்றால் ஃப்ளைவீல் பக்கம் பாரம் அதிகமாக இருக்கும், நடுப்பாரம் எங்கே விழுகிறதோ அங்கே மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. காகிதம் ஒட்டினால் மழையில் போய்விடும், பெயிண்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் லாரிக்குள் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், நான்கு பக்கமும் எழுதுங்கள். எடை போட வசதி இல்லையென்றால் உத்தேசமாக எழுதுங்கள், ஜெனீவாவில் ஒத்துக்கொண்டதை வால்டாக்ஸ் ரோட்டில் யாரும் மறுக்கப் போவதில்லை. வாடகையை மிச்சம் பிடிக்கக் குறைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள். எண் இல்லாத பெட்டியைவிடப் பொய் எண் உள்ள பெட்டி மோசம், அதை நம்பி ஒருவர் கையைக் கொடுப்பார்.

பார்சல் ஆபீஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 50 கிலோவுக்கு மேல் உள்ள பெட்டியில் எடை எழுதாமல் வந்தால் புக் செய்யாதீர்கள். தராசு உங்களிடமே இருக்கிறது. ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷ்ஷும் தராசுக்குப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. இதற்காக யாரும் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1929-ல் ஒத்துக்கொண்டதற்கு இங்கே சட்டம் வர 1951 வரை ஆனது, இதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ!

இதைப் படிக்கிற நம்மில் பலர் எஞ்சின் அனுப்பப் போவதில்லை. ஆனால் வீடு மாறுவோம், பிள்ளைகள் இருக்கும் ஊருக்குச் சாமான் அனுப்புவோம். அம்மாவின் ஆட்டுக்கல்லை விட மனசில்லாமல் பெட்டியில் போட்டு அனுப்புவோம். தையல் மெஷின், கிரைண்டர், அப்பாவின் புத்தகங்கள் எல்லாம் போகும். புத்தகப் பெட்டியும் ஏறக்குறைய இரும்புதான், தூக்கியவர்களைக் கேளுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்து, மார்க்கர் பேனாவில் அந்த எண்ணை நாலு பக்கமும் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள், எதற்கு என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள்.